ஆவணப் புகைப்படத் தொடரை விமர்சனத்துக்கு வைப்பது எப்படி?

மாதக்கணக்கில் ஒரே இடத்துக்குப் போய் வந்து படம் எடுத்திருப்பீர்கள். மீன்பிடித் துறைமுகம், செங்கல் சூளை, உப்பளம், உங்கள் தெருமுனை, எதுவாகவும் இருக்கலாம். நண்பர்களுக்கு அனுப்பினால் "செம", "வேற லெவல்" என்று பதில் வரும். கொஞ்சம் விவரம் தெரிந்தவரிடம் காட்டினால் "ரூல் ஆஃப் தேர்ட்ஸ் இடிக்குதே" என்பார் (ஃபிரேமை மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் விதி அது). இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, அடுத்த முறை போகும்போது எதை மாற்றி எடுப்பது என்று ஒன்றும் விளங்காது.

உருப்படியான விமர்சனம் கிடைக்க நானும் நிறைய அலைந்தேன். அலைந்ததில் தெரிந்துகொண்டது: பாதிப் பிரச்சினை விமர்சிப்பவரிடம் இல்லை, படங்களை நாம் அவர் முன்னால் வைக்கும் விதத்தில் இருக்கிறது. மீதிப் பாதி, கம்போசிஷனுக்கு (ஃபிரேமுக்குள் எதை எங்கே வைப்பது என்பதற்கு) ஒரு மார்க், டெக்னிக்குக்கு ஒரு மார்க், அறத்துக்கு ஒரு மார்க் என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுவதில் இருக்கிறது. ஆவணப் படத்தில் இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: எடுத்தவர் எங்கே நின்றார்? எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம், யார் சம்மதத்தோடு நின்றார்? இதைக் கேட்கத் தெரிந்தால் விமர்சனம் வாங்கவும் முடியும், சொல்லவும் முடியும். கீழே இருக்கும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்குத் தயாராவதற்குத்தான்.

1. நாற்பதை அச்சுப் போட்டு, பன்னிரண்டாகக் குறையுங்கள்

ஹார்ட் டிஸ்க்கோடு போய் "அண்ணே, ஒரு 300 படம் இருக்கு" என்று நிற்காதீர்கள். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் முப்பதாவது படத்தில் கண் அசந்துவிடும்.

முதலில் கணினியில் 40 படம் வரை தேர்ந்தெடுத்து, அவற்றை 4×6 அளவில் அச்சுப் போடுங்கள். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை விலை மாறும். ஒரு பிரிண்ட் 10 ரூபாய் அளவில் என்று கணக்கு வைத்தால் மொத்தம் 400 ரூபாய் பக்கம் ஆகும். இந்த வேலையிலேயே மிகவும் பயனுள்ள செலவு இதுதான். திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது எல்லாப் படமும் அழகாகத் தெரியும். பாயில் பரப்பி வைத்தால்தான் ஒரே படத்தை ஆறு தடவை எடுத்திருப்பது தெரியவரும்.

லேபில் மூன்று விஷயம் சொல்லுங்கள். மேட் தாள் வேண்டும் (பளபளத் தாளில் டியூப் லைட் அடித்து ஒன்றும் தெரியாது). ஆட்டோ கரெக்‌ஷன் போட வேண்டாம்; போட்டால் நீங்கள் இருட்டாக வைத்ததை மெஷின் வெளுப்பாக்கித் தரும். மூன்றாவது, ஃபோனில் எடுத்த படமாக இருந்தால் ஓரத்தை வெட்டாமல் வெள்ளை பார்டரோடு முழுதாக வேண்டும். ஃபோன் படம் வழக்கமாக 4:3 விகிதத்தில் இருக்கும், தாள் 3:2. சொல்லாவிட்டால் மேலும் கீழும் வெட்டிவிடுவார்கள். அப்புறம் விமர்சகர் உங்கள் கம்போசிஷனைப் பேசமாட்டார், லேப்காரர் கம்போசிஷனைப் பேசிக்கொண்டிருப்பார்.

பரப்பி வைத்து ஒரு வாரம் அப்படியே விடுங்கள். போகும்போதும் வரும்போதும் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். பன்னிரண்டு வரை வந்தால் போதும். "இதை எடுக்க நான் பட்ட பாடு" என்று எந்தப் படத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறதோ அதைச் சந்தேகப்படுங்கள். நீங்கள் பட்ட பாடு பார்ப்பவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நீக்கியவற்றைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டுக் கூடவே எடுத்துப் போங்கள். தொடரில் விட்டுப்போன படம் அந்தக் கவருக்குள் இருப்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

2. கூட எடுத்துப் போக வேண்டிய காகிதங்கள்

படம் மட்டும் போதும், அதுவே பேசும் என்பார்கள். பேசாது. ஆவணப் படத்துக்குக் காகிதம் வேண்டும்.

முதலாவது, குறிப்புத் தாள். ஒவ்வொரு படத்துக்கும் எண் போட்டு இரண்டு வாக்கியம். முதல் வாக்கியத்தில் யார், என்ன செய்கிறார், எங்கே, எப்போது. இரண்டாவதில் அதன் பின்னணி. "வாழ்வின் உப்பு" என்று எழுதினால் அது தலைப்பு, குறிப்பு இல்லை. "தூத்துக்குடி அருகே ஓர் உப்பளத்தில், வாரிய உப்பை வரப்பில் குவிக்கிறார் தொழிலாளி ஒருவர், ஏப்ரல் மாதம், காலை 8 மணி" என்பது குறிப்பு. தெரியாததை ஊகித்து நிரப்பாதீர்கள். ஒரு வரி பொய்யானால் முழுத் தொடரும் விழும். 2015இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்ற உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் இத்தாலியப் புகைப்படக்காரர் ஜியோவானி ட்ரோய்லோவுக்குக் கொடுத்த பரிசைத் திரும்பப் பெற்றார்கள். பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா நகரத்தைப் பற்றிய தொடர் அது. அதில் ஒரு படம் அந்த ஊரிலேயே எடுத்ததில்லை, பிரசல்ஸ் பகுதியில் எடுத்தது என்று தெரியவந்தது.

இரண்டாவது, தொடரைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாத அறிமுகம். 150 சொல் போதும். அதில் "மனிதம்", "வலி", "அழியாத புன்னகை" வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

மூன்றாவது, சம்மதப் பதிவு. யாரிடம் கேட்டீர்கள், என்ன சொன்னார்கள், எதற்குச் சரி என்றார்கள், எதற்கு வேண்டாம் என்றார்கள். அச்சடித்த படிவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் ஊரில் எழுதிய காகிதத்தில் கையெழுத்துக் கேட்டாலே பலர் பயந்துபோவார்கள், "கையெழுத்து எதுக்கு தம்பி, நிலத்தை எழுதி வாங்கவா?" என்று கேட்பவரும் உண்டு. படம் எங்கெல்லாம் வரலாம் என்று தமிழில் விளக்கி, அவர் பதிலைக் கேட்டுக்கொண்டே ஃபோனில் ஒலிப்பதிவு செய்தாலும் ஆகும். ஆனால் வெளிநாட்டுப் பத்திரிகையோ நிறுவனமோ படத்தை வாங்கும்போது கையெழுத்திட்ட படிவம் கேட்கலாம். அதை அன்றைக்குத் தேடி ஓட முடியாது. உப்பள வேலைக்கு வெளியூரிலிருந்து வந்தவர் வேலை முடிந்து ஊருக்குப் போயிருப்பார்.

நான்காவது, ரா ஃபைல்களும் (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்புகள்), தேர்ந்தெடுத்த ஒவ்வொரு படத்துக்கும் முன்னும் பின்னும் எடுத்த சில ஃபிரேம்களும். இது ஏன் என்று ஆறாம், ஏழாம் படிகளில் தெரியும். ரா ஃபைலை மெமரி கார்டிலேயே விட்டுவைக்காதீர்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள். இரண்டு பிரதி வைப்பதுதான் பாதுகாப்பு.

அனுப்பும்போது ஒரு பொறி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், எந்தக் கேமரா, எந்த நேரம் போன்ற எக்ஸிஃப் தகவலும் போய்விடும். டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள், அல்லது டிரைவில் போட்டு இணைப்புக் கொடுங்கள்.

3. யாரிடம் காட்டுவது, என்ன செலவு, எவ்வளவு நேரம்

சக புகைப்படக்காரர்கள் நாலு பேர் மாதம் ஒருமுறை டீக்கடையிலோ யாராவது ஒருவர் வீட்டிலோ கூடினால் செலவில்லை. தொடங்குபவருக்கு அதுவே போதும். அடுத்தது மூத்தவர் ஒருவர். முன்கூட்டியே கேட்டு, 12 படம்தான் என்று சொல்லி, அரை மணி நேரம்தான் கேளுங்கள். சென்னை ஃபோட்டோ பினாலே என்ற புகைப்படத் திருவிழா நடக்கும் காலத்தில் கண்காட்சிகளும் பட்டறைகளும் உரைகளும் நடக்கும். அந்த மாதிரி இடங்களில் மனிதர்களைப் பிடிக்கலாம்.

கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் படத் தொகுப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் போர்ட்ஃபோலியோ ரிவ்யூக்கள் இருக்கின்றன. ஓர் ஆளுக்கு 20 நிமிடம் என்பது வழக்கம். பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: ரிவ்யூ செய்பவர் ஆவணப் படத்தோடு சம்பந்தப்பட்டவரா? திருமணப் படமும் விளம்பரப் படமும் எடுப்பவர் திறமைசாலியாக இருக்கலாம், ஆனால் உங்கள் 20 நிமிடத்தில் ஸ்கின் டோன் பற்றிப் பேசி முடித்துவிடுவார். "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், கண்காட்சிக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும்" என்று தானாக வந்து விழும் மின்னஞ்சல்களை நேரே குப்பையில் போடுங்கள். வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டிக்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், படத்தின் உரிமை யாருக்குப் போகிறது என்ற பத்தியைப் படிக்காமல் எதிலும் சேராதீர்கள்.

இன்னொருவரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். புகைப்படம் தெரியாத, ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர். உப்பளம் என்றால் அங்கே வேலை செய்து ஓய்ந்த ஓர் அக்கா, மருத்துவமனை என்றால் ஒரு செவிலியர். "இது மேக்கப் போட்டாப்ல இருக்கே, அந்த நேரத்துல யாரும் உப்பு வாரமாட்டாங்களே" என்று அவர் சொல்லும் ஒரு வரியைக் கட்டணம் வாங்குபவர் யாரும் சொல்ல மாட்டார். அவருக்குக் காட்ட டீச் செலவுதான்.

4. சொந்தப் படத்துக்கு முன்னால் வேறொரு படத்தில் கை பழகுங்கள்

அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே 1936இல் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்த தொழிலாளர் முகாமில் எடுத்த 'மைக்ரன்ட் மதர்' (புலம்பெயர்ந்த தாய்) படத்தைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க அரசுக்காக எடுத்தது என்பதால் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற நூலகம்) தளத்தில் பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கிறது. அதே இடத்தில் எடுத்த மற்ற ஃபிரேம்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் இறக்கி அருகருகே வையுங்கள். பயிற்சிக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

தள்ளி நின்று எடுத்ததில் கூடாரம் முழுதாகத் தெரிகிறது. பெரிய பெண் ஒருத்தி ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சாமான்கள் கிடக்கின்றன. இங்கே ஒரு குடும்பம் தங்கியிருக்கிறது என்ற தகவல் இருக்கிறது. பிறகு லாங்கே நெருங்கி நெருங்கிப் போகிறார். உலகம் அறிந்த அந்தப் படத்தில் கூடாரம் ஏறக்குறைய இல்லை. தாயின் முகம், தாடையருகே கை, மடியில் குழந்தை, இரண்டு தோளிலும் முகத்தைத் திருப்பிச் சாய்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளின் முகம் தெரியாததால் நம் கண்ணுக்குத் தாயின் முகத்தைத் தவிரப் போக இடமில்லை. பெரிய பெண்ணும் நாற்காலியும் ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டார்கள். இது கம்போசிஷன். அதோடு ஒரு முடிவும்கூட: குடும்பத்தின் கதை ஒரு தாயின் முகமாகச் சுருங்குகிறது.

இப்போது வலது கீழ் மூலையைப் பாருங்கள். கூடாரக் கம்பைப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரல் முதலில் அங்கே இருந்தது. கண்ணை உறுத்துகிறது என்று சில ஆண்டுகள் கழித்து நெகட்டிவிலேயே அதை மங்கச் செய்தார்கள். திருத்தாத பிரதியும் லைப்ரரியில் இருக்கிறது, இரண்டையும் ஒப்பிடலாம். இன்றைய போட்டி விதிப்படி இந்த ஒரு விரலுக்காகவே படம் வெளியே போயிருக்கும்.

அப்புறம் காகிதம். லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை; வயது 32 என்று மட்டும் குறித்தார். சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று பின்னர் எழுதினார். அப்படி நடக்கவே இல்லை என்றது குடும்பம். அந்தப் பெண் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு கிடைக்கவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்ற கசப்பு அவருக்கு இருந்தது. படம் நல்லதா கெட்டதா என்று முடிவுகட்டச் சொல்லவில்லை. லாங்கே நெருங்கிப் போன ஒவ்வொரு அடியிலும் எது கிடைத்தது, எது விடுபட்டது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். அந்தத் தாள் உங்கள் படத்துக்கும் பயன்படும்.

5. விமர்சனம் தொடங்கும்போது வாயைத் திறக்காதீர்கள்

படங்களை வரிசையாக வைத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். "இது என்னன்னா அண்ணே, அன்னைக்கு மழை..." என்று ஆரம்பித்தால் தீர்ந்தது, அவர் படத்தைப் பார்க்காமல் உங்களைப் பார்ப்பார். குறிப்புத் தாளையும் முதலில் கொடுக்க வேண்டாம். என்ன தெரிகிறது என்று மட்டும் அவரைச் சொல்லச் சொல்லுங்கள். பிடித்ததா இல்லையா என்பது அப்புறம். நீங்கள் 'ஓய்வு' என்று நினைத்ததை அவர் 'நோய்' என்று படித்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், மறுக்காதீர்கள். பிறகு குறிப்புத் தாளைக் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாசிப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நீங்கள் வேலை செய்ய வேண்டிய இடம்.

6. ஃபிரேமைப் பேசுவது

ஒரு கூட்டத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். இளைஞர் ஒருவர் உப்பளத் தொடர் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு படம்: பாத்திக்குள் குனிந்து உப்பு வாரும் பெண், பின்னால் வெள்ளைக் குவியல்கள், மேலே வெளுத்த வானம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூத்தவர் பிரிண்டைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, எங்க நின்னு எடுத்தீங்க?"

"வரப்பு மேல நின்னு, அண்ணே."

"அவங்க?"

"பாத்திக்குள்ள."

"இதுக்கு அடுத்த ஃபிரேம் இருக்கா?"

இருந்தது. அடுத்த ஃபிரேமில் அந்தப் பெண் நிமிர்ந்து, முந்தானையை முகத்துக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்த மேசையில் நடந்த பேச்சுதான் எனக்கு இந்த விஷயத்தைப் புரியவைத்தது. வரப்பின் மேலிருந்து எடுத்ததால் கேமரா கீழ்நோக்கிப் பார்க்கிறது. அவர் முதுகுதான் தெரிகிறது. தூரத்திலிருந்து டெலி லென்ஸில் இழுத்ததால் குவியல்கள் அவர் தலைமேல் வந்து ஒட்டிக்கொண்டன. ஃபிரேமின் கீழ் ஓரம் கணுக்காலில் வெட்டுகிறது. உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க ஊறும் பாதம்தான் அந்த வேலையின் கதை, அது படத்தில் இல்லை. கேட்காமல் எடுத்ததால் கிட்டே போக முடியவில்லை. கிட்டே போகாததால் டெலி. டெலியால் பாதம் போயிற்று. கம்போசிஷன் பிழை என்று ஆரம்பித்தது சம்மதம் கேட்காததில் போய் முடிந்தது.

ஆகவே, ரூல் ஆஃப் தேர்ட்ஸ், லீடிங் லைன் (கண்ணை இழுத்துச் செல்லும் கோடுகள்) எல்லாவற்றையும் கடைசியில் பேசினால் போதும். முதலில் நான்கு ஓரங்களையும் விரலால் தடவிப் பாருங்கள்: எது வெட்டுப்பட்டிருக்கிறது, கை, கால், கருவி? அடுத்து அடிவானம் கழுத்தில் போகிறதா என்று பாருங்கள். பிறகு கேமராவின் உயரம். உட்கார்ந்திருப்பவரை நின்றபடி எடுத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடைசியாக, ஃபிரேமுக்கு வெளியே பக்கத்தில் என்ன இருந்தது? காய்ந்த குழாயை எடுத்தவர் பின்னால் தண்ணீர் லாரி நின்றிருந்தால் அது கம்போசிஷன் கேள்வி மட்டும் இல்லை.

தொடர் முழுவதையும் பார்க்கும்போது தூரத்தைக் கவனியுங்கள். பன்னிரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால் எடுத்தவர் அங்கே விருந்தாளியாகவே இருந்திருக்கிறார். இடம் தெரியும் படம், வேலை தெரியும் படம், கை மட்டும் தெரியும் படம், வேலை முடிந்து வீட்டில் இருக்கும் படம் என்று கலந்து வர வேண்டும்.

7. டெக்னிக்

சுருக்கமாகச் சொல்கிறேன், இதைப் பற்றி எழுதாத ஆள் இல்லை.

உப்பளம், சுண்ணாம்புச் சூளை, கடற்கரை மணல் போன்ற வெள்ளை இடங்களில் கேமராவின் மீட்டர் ஏமாறும். வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். அதில் கறுத்த முகம் கரியாகிவிடும். எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியை) ஒரு ஸ்டாப் வரை, அதாவது இரண்டு மடங்கு வரை கூட்டி, ஹிஸ்டோகிராமை (இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை) பார்த்து எடுங்கள். முகம் கரியாக இருக்கும் படத்தை "கான்ட்ராஸ்ட்" என்று நியாயப்படுத்துபவர் நம்மிடையே நிறைய. கறுத்த தோலில் விவரம் வரவில்லை என்றால் அது ஸ்டைல் இல்லை, எக்ஸ்போஷர் பிழை. அதே மாதிரி, கறுப்பு வெள்ளையாக்கினால் வறுமை கனமாகத் தெரியும் என்பதற்காக மாற்றியிருந்தால் விமர்சகர் கேட்பார். பதில் தயாராக இருக்கட்டும்.

எவ்வளவு திருத்தலாம்? கிராப் செய்யலாம். இருட்டு வெளிச்சத்தை ஓரளவு சரிசெய்யலாம். சென்சார் தூசியை நீக்கலாம். படத்தில் இருந்த பொருளை எடுக்கவும் கூடாது, இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. 2010இல் புகைப்படக்காரர் ஸ்டெபான் ரூடிக் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ பரிசை இழந்தது, படத்தில் தெரிந்த ஒரு பாதத்தின் துண்டை அழித்ததற்காக. 2016இல் இத்தாலியில் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரியின் கண்காட்சியில் கியூபா படம் ஒன்றில் ஃபோட்டோஷாப் வேலை பிசிறடித்துத் தெரிய, இந்தியாவில் எடுத்த படங்கள் உட்படப் பலவற்றை ஆட்கள் தோண்டி எடுத்தார்கள். தான் பத்திரிகைப் படக்காரர் இல்லை, காட்சிவழிக் கதைசொல்லி என்று அவர் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. எல்லாம் கையால் செய்த திருத்தம். இப்போது ஃபோனே கேட்காமல் செய்கிறது. ஏஐ வைத்துப் படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள் இல்லாத தகவலைப் புதிதாக வரைந்து சேர்க்கும், போட்டிகளில் அதுவும் தகுதி நீக்கத்தில் விடும். ரா ஃபைல் கேட்பது இதற்காகத்தான்.

8. அறத்தைப் பேசுவது

இங்கே பலர் "அனுமதி வாங்கினீங்களா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது தொடக்கம் மட்டும்.

சட்டம் கண்டிப்பாகச் சொல்லும் சில இடங்கள் உண்டு. அவற்றில் விவாதமே இல்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளம் தெரியக்கூடாது (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 72). குழந்தையாக இருந்தால் போக்சோ சட்டம் பிரிவு 23. வழக்கில் சிக்கிய அல்லது காப்பகத்தில் இருக்கும் சிறார் என்றால் சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. இந்தப் பிரிவு 74ஐ மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், தெருப் பெயர், பக்கத்தில் நிற்கும் பாட்டி, எதுவும் அடையாளம்தான். தொடரில் இப்படி ஒரு படம் இருந்தால் விமர்சனக் கூட்டத்துக்கே கொண்டுபோகாதீர்கள்.

சட்டம் தொடாத இடத்தில்தான் பேச்சு கடினம். நான் கேட்கும் கேள்விகள் இவை. படத்தில் இருப்பவர் இதைப் பார்த்திருக்கிறாரா? பார்த்தால் என்ன சொல்வார்? இந்தப் படம் வந்த மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா? கையுறை இல்லாமல் ரசாயனம் அள்ளும் தொழிலாளியின் படம் முதலாளியைக் கேள்வி கேட்க எடுத்ததாக இருக்கும். நடைமுறையில் வேலை போவது தொழிலாளிக்கு. காட்சியை அமைத்தீர்களா? இத்தாலியப் புகைப்படக்காரர் அலெசியோ மாமோ உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேச கிராமங்களில் ஏழைகளை மேசைக்கு முன் நிறுத்தி, போலி உணவை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பிடித்த சாப்பாட்டைக் கற்பனை செய்யச் சொல்லி எடுத்த தொடர் 2018இல் எவ்வளவு கண்டனம் வாங்கியது என்பது நினைவிருக்கலாம். அதில் வெளிச்சம் பிரமாதம், ஃபிரேம் சுத்தம். மற்ற இரண்டு மார்க்கும் முழுசாகக் கிடைக்கும் படம் அது.

எங்கே நின்றார் என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் புகைப்படக்காரர் பழனிகுமார். மலக்குழி மரணங்களைப் பல ஆண்டுகளாகப் பதிவுசெய்பவர். இறந்தவர்களின் வீட்டுக்குப் போய், அந்தக் குடும்பங்களையும் குழந்தைகளையும் படமெடுத்தார். குழிக்குள் மட்டும் நின்றுவிட்டால் செத்தவர் ஒரு செய்தி. வீட்டுக்குள் போனால் அவர் யாருடைய அப்பா என்பது தெரியும்.

விதி உதவாத படங்களும் உண்டு. 1984 போபால் விஷவாயுவில் இறந்த பெயர் தெரியாத குழந்தையைப் புதைக்கும் காட்சியை ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியோ வண்ணத்திலும் எடுத்தார்கள். சம்மதம் கேட்க ஆளில்லை. குழந்தையின் முகம் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் நடந்த குற்றத்துக்கு இத்தனை ஆண்டுகளாக சாட்சி அந்த முகம்தான். ஒரே குழந்தை, இரண்டு படம். ரகு ராயின் படத்தில் முகத்தின் மேல் ஒரு கை இருக்கிறது. எனக்கு அந்தக் கை முக்கியம். உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம், கூட்டத்தில் அடித்துப் பேசுங்கள்.

பணம் கொடுக்கலாமா என்று எப்போதும் கேட்பார்கள். படம் எடுக்கக் காசு கொடுத்தால் அடுத்த ஆள் காசுக்காகவே நடிப்பார். ஆனால் அரை நாள் உங்களோடு பேசிக்கொண்டிருந்ததால் ஒருவருக்குக் கூலி போனால் அதைக் கொடுப்பது நியாயம். கொடுத்தால் குறிப்பில் எழுதுங்கள், விமர்சகரிடமும் சொல்லுங்கள். மறைத்தால்தான் சிக்கல்.

9. நீங்கள் விமர்சிக்கும் முறை வந்தால்

கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிட்டு அபிப்பிராயத்துக்குப் போங்கள். "பாவமா இருக்கு" என்பதைவிட "கண்ணுக்கு நேரே பார்க்கிறார், கேமரா மேலே இருக்கு, அதனால கெஞ்சுறாப்ல தெரியுது" என்பது ஆளுக்கு உதவும். "நானா இருந்தா..." என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தைத் தவிருங்கள், நீங்கள் அங்கே இல்லை. அறக் கேள்வியைக் குற்றச்சாட்டாக வைக்காமல் தகவல் கேட்பதாக வையுங்கள்: "அவங்களுக்கு இந்தப் படம் வெளியே வரும்னு தெரியுமா தம்பி?" பதில் வரும். குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் மழுப்பல்தான் வரும். எல்லார் முன்னாலும் சொல்லக்கூடாத ஒன்றைக் கண்டால், உதாரணமாகக் குழந்தையின் அடையாளம், கூட்டம் முடிந்து தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அடுத்த கூட்டம் வரை தள்ளிப்போடும் விஷயம் இல்லை அது.

ஒரு தொடருக்கு அரை மணி நேரம் போதும். நாலு தொடருக்கு மேல் ஒரே நாளில் பார்த்தால் கடைசி ஆள் பாவம்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

சொன்னதையெல்லாம் அன்று இரவே எழுதிவிடுங்கள், ஆனால் இரண்டு மூன்று நாளைக்கு எதையும் மாற்றாதீர்கள். சூடு ஆறட்டும். பிறகு மூன்றாகப் பிரியுங்கள். தேர்வையோ வரிசையையோ மாற்றினால் சரியாவது: கவரைத் திறந்து அன்றே செய்யலாம். மறுபடி போய் எடுத்தால் சரியாவது. தொடரிலிருந்து நீக்க வேண்டிய படம்: சம்மதம் இல்லாதது, குறிப்பு உறுதியில்லாதது. மூன்றாவது வகையில் "ஆனா நல்ல படம் ஆச்சே" என்ற வாதத்தை ஏற்காதீர்கள்.

மறுபடி போகும்போது முதல் வேலை, படத்தில் இருப்பவர்களுக்குப் பிரிண்ட் கொண்டுபோவது. 5×7 போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும், 4×6ஐவிடக் கொஞ்சம்தான் கூட ஆகும். நீங்கள் பெருமையாக நினைக்கும் குனிந்த முதுகுப் படத்தை அவர்கள் கண்டுகொள்ளவே மாட்டார்கள்; நிமிர்ந்து நிற்கிற, சேலை ஒழுங்காகத் தெரிகிற ஒன்றைக் கேட்பார்கள். அதையும் எடுத்துக் கொடுங்கள். வரப்பிலிருந்து பாத்திக்குள் இறங்க அதுதான் வழி.

கால அளவையும் கணக்குப் பண்ணுங்கள். தேர்வுக்கும் அச்சுக்கும் இரண்டு வாரம், காகிதங்களுக்கு ஒரு வாரம், விமர்சனத்துக்குப் பிறகு மறுபடி எடுக்கக் குறைந்தது ஒரு மாதம். வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ மாதிரி போட்டிகளுக்கு வழக்கமாக ஆண்டு இறுதியை ஒட்டித்தான் படம் வாங்குவார்கள் என்பதால் செப்டம்பருக்குள் முதல் விமர்சனத்தை முடித்துவிடுவது நல்லது. உப்பளம் மாதிரி பருவ வேலை என்றால் இன்னும் முன்னாலேயே: வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தியில் உப்பு இருக்காது, எடுக்க ஆளும் இருக்காது, அடுத்த ஆண்டு வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.